திராட்சையை மறுத்த செம்பி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செம்பி நாய்க்கு ஆற்றுக்குப் போகும் வழியெல்லாம் பயம். திராட்சைத் தோட்டத்துக்கு வந்த கால்நடை டாக்டர் பேசியதை அது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டிருந்தது. நாய்களுக்கு எது ஆகாது என்பது நினைவிருந்தது. ஏன் ஆகாது என்பதுதான் மறந்து தொலைந்துவிட்டது.

தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. காட்டாறும் மணலாகக் கிடந்தது. ஆற்றின் நடுவே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர். செம்பியின் குட்டி மொட்டு இன்றுதான் முதன்முதலாக அங்கே வருகிறது.

மடுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் குட்டிக்கு எல்லோரும் தின்பண்டம் கொடுப்பார்கள். கொடுத்ததைத் தின்றால்தான் தண்ணீர்!

முயல் வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்தது. செம்பி அதைக் கடித்துச் சின்னச் சின்னத் துண்டாக்கி வைத்தது. மொட்டு நறுக் நறுக்கென்று தின்றது.

காகம் பிரியாணிக் கடை எலும்பு ஒன்றைப் போட்டது.

"வேண்டாம் தம்பி. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். தொண்டையைக் கிழித்துவிடும்" என்றது செம்பி.

"அப்படியா மதினி? சரி, எனக்கு ஆச்சு!" என்று காகம் அதைக் கொத்திக்கொண்டு பறந்தது.

பிறகு மடுவுக்குத் தலைவனான கிழட்டுக் குரங்கு வாலையா மரத்திலிருந்து இறங்கி வந்தது. ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சையை மொட்டின் முன்னால் வைத்தது.

"தின்னுடா கண்ணு! தேனாட்டம் இருக்கும்!"

மொட்டு நாக்கை நீட்டியது. செம்பி சட்டென்று கொத்தைக் காலால் தள்ளிவிட்டது.

"இது எங்களுக்கு ஆகாதுங்க."

"ஆகாதா? நான் தினமும் தின்கிறேன். செத்தா போனேன்?"

"உங்கள் வயிறு வேறு, எங்கள் வயிறு வேறு."

"ஏன் ஆகாது? விளக்கமாகச் சொல்லு பார்ப்போம்!"

செம்பி வாயைத் திறந்தது. டாக்டர் சொன்ன வார்த்தை வரவில்லை. குடல் என்றாரா, ஈரல் என்றாரா?

"அது... உள்ளே ஏதோ ஒன்றைக் கெடுத்துவிடும்..."

"ஏதோ ஒன்றாம்!" கிளையில் இருந்த குரங்குகள் எல்லாம் சிரித்தன. "டாக்டரம்மா வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா!"

செம்பியின் காது மடங்கியது. வால் கால்களுக்கு இடையே போய்விட்டது. அப்போது பக்கத்துத் தோட்டத்து நாய் மணியன் நினைவுக்கு வந்தது. உதிர்ந்து கிடந்த திராட்சையைத்தான் மணியன் தின்றது. வாந்தி எடுத்தது. பிறகு மூத்திரம் நின்றது. பிறகு மூச்சும் நின்றது.

செம்பி வாலை நிமிர்த்தியது.

"எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஆனால் என் பிள்ளை இதைத் தின்னாது!"

"ஒன்றே ஒன்று. என் மரியாதைக்காக!"

"உங்கள் மரியாதை என் பிள்ளையின் வயிற்றிலா இருக்கிறது? ஒன்றுகூடக் கிடையாது!"

"அப்படியானால் தண்ணீரும் கிடையாது! போ!"

"போகிறேன்!"

தாகத்தில் மொட்டின் நாக்கு தொங்கியது. செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு ஆற்றின் வளைவுக்கு நடந்தது. பேசத்தான் வராது, தோண்ட வரும்! இரண்டு முன்கால்களாலும் மணலை வாரி வாரி இறைத்தது.

"நல்லாத் தோண்டு! மணலுக்கு அடியில் இன்னும் மணல் கிடைக்கும்!" என்று குரங்குகள் கத்தின.

செம்பி திரும்பிப் பார்க்கவில்லை. நகம் தேய்ந்தது. மணல் ஈரமானது. குளிர்ந்தது. குழியின் அடியில் மெல்லத் தண்ணீர் ஊறியது. மொட்டு மூக்கை முக்கிக் குடித்தது.

முயல் தயங்கித் தயங்கி வந்தது. "அக்கா, எனக்கும் ஒரு வாய் தருவாயா? அதற்கு நான் என்ன தின்ன வேண்டும்?"

"இங்கே ஒன்றும் தின்ன வேண்டாம். குடி!" என்றது செம்பி.

பிள்ளைக்குக் கேடு என்று தெரிந்த பண்டத்தை, காரணம் சொல்ல வாய் வராவிட்டாலும், ஊரே சிரித்தாலும், மறுத்துவிட வேண்டும்.