தண்ணீருக்குள் ஒரு படி

"பூஜ்யத்தில இருந்து ஒண்ணைக் கழிக்க முடியாது தாயே! நான் கணக்கு வாத்தியார். எனக்கேவா?" என்று குதித்தார் பிரமநாயகம்.

மடத்துக் குளத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு.

மடத்தின் குரு உலகம்மைத் தாயார். வயதில் பிரமநாயகத்துக்கு இளையவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சீடர்களைப் படியில் நிறுத்துவார். நல்லது செய்தவர் ஒரு படி மேலே, தப்பு செய்தவர் ஒரு படி கீழே. மேல்படிகளில் ஒன்று, இரண்டு என்று வெட்டியிருக்கும். தண்ணீரை ஒட்டின படியில் ஒரு வட்டம். அது பூஜ்யம். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும்.

புது ஆளான பிரமநாயகம் செய்த காரியம் லேசுப்பட்டதில்லை. பந்தியில் ரெண்டாம் தரம் சாம்பார் கேட்ட வழிப்போக்கர் ஒருவரைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார் மனுஷன். பாதிச் சோறு இலையில் கிடந்தது. மடமே கூனிக் குறுகிப் போயிற்று.

"இறங்கும்" என்றார் தாயார்.

"எங்கே இறங்க? எண்ணு முடிஞ்சு போச்சே! நீ ஒண்ணுக்கும் ஆகாதவன்னு சொல்லிடுங்க. ஊருக்குப் போயிடுறேன்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. போக அவருக்கு மனசே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரம் பேசினார். "வேணும்னா அரைப்படி இறங்கட்டா?"

"அரைப்படியில நின்னு காட்டும்."

ஒற்றைக் காலைத் தூக்கி இடம் தேடினார். வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். மேலே நின்ற சீடர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

தாயார் சிரிக்கவில்லை. புடவையோடு தண்ணீருக்குள் இறங்கி, அவருக்குக் கீழே நின்றார். பாதம் மறைந்தது.

"நான் எதுமேல நிக்கிறேன்?"

பிரமநாயகம் குனிந்து தடவிப் பார்த்தார். கல். மேலே இருப்பதைப் போலவே வெட்டின கல், அதே உயரம்.

"படிதான் தாயே. இதுக்கும் கீழே?"

"இருக்கு. அதுக்கும் கீழே இருக்கு. இங்கேருந்து பார்த்தா உம்ம பூஜ்யம் எங்கே?"

வாத்தியார் தாம் உட்கார்ந்திருந்த கல்லின் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு படி மேலே."

தாயார் கரையேறிப் போய்விட்டார். பிரமநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி நின்றார்.

மறுநாளே அந்த வழிப்போக்கரைத் தேடிக் கிளம்பினார். பக்கத்து ஊர்ச் சந்தையில் ஆள் அகப்பட்டார். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து, இலை போட்டு, அவர் போதும் போதும் என்கிற வரைக்கும் சாம்பாரைத் தன் கையாலேயே ஊற்றினார்.

அடுத்த பௌர்ணமி.

"ஏறும்" என்றார் தாயார்.

பிரமநாயகம் வட்டம் வெட்டின படியில் கால் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன ஓய் இளிக்கிறீர்? நிக்கிறது பூஜ்யத்தில!" என்றார் மேலே நின்ற ஒரு சீடர்.

"அட, ஆமாய்யா! போன மாசம் இதே கல்லுலதான் நின்னு அழுதேன்."