மூங்கிலரிசியும் பெருச்சாளி வளையும்

ஒரு காட்டில், மூங்கில் பூத்த ஆண்டில் நடந்த கதை இது, குழந்தைகளே. மூங்கில் எப்போதாவதுதான் பூக்கும். பூத்தால் மலையடிவாரம் எங்கும் அரிசி உதிரும். உதிர்ந்த பின் மூங்கில் பட்டுப்போகும். அதன் பிறகு வருவது பஞ்சம்.

இது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சில்லைக் குருவிகள் பகலெல்லாம் அரிசி பொறுக்கி, கொறிச்சி என்ற அணிலிடம் கொண்டுவந்து கொடுத்தன. கொறிச்சிக்கு அதுதான் தொழில். மற்றவர்களின் தானியத்தை வாங்கி வைத்திருக்கும். கேட்கும்போது திருப்பித் தரும். காவலுக்குக் கூலியாகச் சிறு பங்கு எடுத்துக்கொள்ளும். அதுவரை எவருக்கும் ஒரு மணி குறைந்ததில்லை.

ஆனால் இந்த முறை வந்த அரிசி கொறிச்சியின் பொந்தில் அடங்கவில்லை. வேறு யாரிடமாவது இடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் அது மரங்கொத்தியிடம் போனது. மரங்கொத்திக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

“என்னிடம் பெரிய இடம் கிடையாது. பல மரங்களில் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கின்றன. நீதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மழை வந்தால் ஒன்றிரண்டு ஒழுகும்; அதையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.”

கேட்கும்போதே கொறிச்சிக்குக் கால் வலித்தது.

அடுத்துப் பெருச்சாளியிடம் போனது. பெருச்சாளி வளை வாசலுக்கே வந்து வரவேற்றது.

“வா தங்கச்சி, வா! இந்தக் காட்டில் எவ்வளவு அரிசி விழுந்தாலும் என் வளையில் அடங்கும். நீ ஏன் சுமக்கிறாய்? வாசலில் கொட்டிவிட்டுப் போ. என் பிள்ளைகள் உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிடுவார்கள்.”

“அடுக்க எவ்வளவு நேரமாகும்?”

“நீ வீடு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.”

“ஈரம் ஏறுமா?”

“நீயே கையை வைத்துப் பார். மண் எப்படிக் காய்ந்து கிடக்கிறது!”

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருப்பதாகக் கொறிச்சிக்குத் தோன்றவில்லை.

“அக்கா, கொஞ்சத்தை மரங்கொத்தியிடமும் வைக்கலாமே?” என்றது ஒரு சில்லைக் குருவி.

“எதற்கு வீண் அலைச்சல்?” என்ற கொறிச்சி, தன் பொந்தில் இருந்ததையும் சேர்த்து அரிசி முழுவதையும் பெருச்சாளியின் வாசலில் கொட்டியது.

மூங்கில் பட்டுப்போனது. மழை வரவில்லை. புல்லும் கருகியது. ஒருநாள் அதே சில்லைக் குருவி தள்ளாடிப் பறந்து வந்தது.

“அக்கா, குஞ்சுகள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டன. என் அரிசியைக் கொடு.”

கொறிச்சி வளைக்கு ஓடியது.

“உன் அரிசி பத்திரமாக இருக்கிறது,” என்றது பெருச்சாளி. “ஆனால் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எடுக்க என் பிள்ளைகள் மண்ணைத் தோண்ட வேண்டும். எடுப்பதில் பாதி எங்களுக்கு. இனி நீ சேர்ப்பதெல்லாம் இங்கேதான் வர வேண்டும். வேறெங்கும் ஒரு மணி போகக் கூடாது.”

“வைக்கும்போது இதைச் சொல்லவில்லையே!”

“வைப்பதைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். எடுப்பதைப் பற்றி நீ கேட்கவே இல்லையே, தங்கச்சி.”

பெருச்சாளியின் குரலில் கோபமே இல்லை. கொறிச்சிக்கு அதுதான் பயமாக இருந்தது.

“நானே எடுத்துக்கொள்கிறேன்,” என்று வளைக்குள் பாய்ந்தது. உள்ளே கும்மிருட்டு. ஒரு வழி பலவாகப் பிரிந்தது. எல்லாப் பக்கமும் அரிசி வாசனை. எந்தப் பக்கம் போனாலும் மண்சுவர். நகம் பெயரும்வரை பிறாண்டிப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் மண்ணாக வெளியே வந்தது.

பாதியைத் தருவதா? கொறிச்சிக்கு மனம் ஒப்பவில்லை. அன்று முழுவதும், மறுநாளும், பட்டுப்போன மூங்கில் புதர்களைக் கிளறியது. பதர்தான் கிடைத்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு வளை வாசலுக்கு வந்தது.

“நீ சொன்னபடியே ஆகட்டும். சீக்கிரம் கொடு.”

கன்னம் புடைக்க அரிசியை அடக்கிக்கொண்டு, மூச்சிரைக்கக் குருவியின் கூட்டுக்கு ஏறியது. சில்லைக் குருவி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. சிறகுக்கடியில் அசைவே இல்லை.

“கொண்டுவந்துவிட்டேன்,” என்றது கொறிச்சி.

குருவி அரிசியைப் பார்த்தது. தொடவில்லை.

“மற்றக் கூடுகளுக்குக் கொடு, அக்கா. அங்கே இன்னும் உயிர் இருக்கிறது,” என்றது.

கொறிச்சி கூடு கூடாக ஓடியது. சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. சிலவற்றை முடியவில்லை.

பிறகு மழை பெய்தது. புல் முளைத்துத் தானியம் பிடித்தது. ஆனால் ஒரு குருவிகூடக் கொறிச்சியைத் தேடி வரவில்லை. அது தனியாகப் பொறுக்கியது. பொறுக்கியதையெல்லாம் பெருச்சாளியின் வாசலில் கொட்டியது. வேறெங்கும் கொண்டுபோக அதற்குத் துணிவில்லை. மீதி அரிசி இன்னும் அந்த மண்ணுக்கடியில்தான் கிடந்தது.

நீதி: எதையும் பிறரிடம் ஒப்படைக்கும் முன், அதைத் திரும்பப் பெறும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.