நம்மாளு

மருதங்குளத்தின் கரையில் முயல்களும் காடைகளும் தவளைகளும் மூஞ்சூறுகளும் குடியிருந்தன. காவல் மட்டும் குரங்குகளிடம் இருந்தது.

குளத்துக்கு மூன்று பக்கமும் இலந்தை முள். நான்காவது பக்கம் கோரைப்புல், ஒரு மான் நின்றால் மறைந்துபோகும் உயரத்துக்கு. கோரையின் ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம். அதன் உச்சிக் கிளையில் காவல்படை உட்கார்ந்திருக்கும்.

கோரைக்குள் யார் நடந்தாலும் மேலிருந்து தெரியாது. புல் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் குரங்குகள் ஒரு கடவுச்சொல் வைத்திருந்தன. புல் அசைந்தால், "யாரது?" என்று மேலிருந்து கேட்கும். "நம்மாளு!" என்று ஒரு குரங்குக் குரல் பதில் சொன்னால் போதும். அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

மற்றவர்களுக்கு அந்த வழி கிடையாது. மரத்தடியில் வரிசையில் நிற்க வேண்டும். மூஞ்சியைக் காட்ட வேண்டும். வாலைக் காட்ட வேண்டும். வாயைத் திறந்தும் காட்ட வேண்டும்.

கூரி என்ற மூஞ்சூறு தினமும் இப்படி நின்றது. அதற்கு மூன்று குட்டிகள். வெளியே கிளம்பினால் மூத்தது அம்மாவின் வாலடியைக் கவ்விக்கொள்ளும். நடுக்குட்டி மூத்ததைக் கவ்வும். கடைக்குட்டி நடுக்குட்டியைக் கவ்வும். ஒரே கயிறுபோல ஓடுவார்கள். அந்தக் கயிற்றைத்தான் குரங்குகள் தினமும் அவிழ்க்கச் சொல்லும்.

"தனித்தனியா நில்லு!"

"தினம் பார்க்கிற குட்டிங்கதானே?"

"சட்டம்னா சட்டம்!"

ஒரு நாள் காலையில் கோரையின் வெளி ஓரத்தில் கூரியின் மூக்கு சட்டென்று நின்றது. காட்டுப்பூனையின் மூத்திர வாடை! மறுநாள் அதே வாடை பத்தடி உள்ளே இருந்தது. மூன்றாம் நாள் இன்னும் உள்ளே. யாரோ வழியை அளந்து பார்க்கிறார்கள்.

கூரி ஓடிப்போய்ச் சேத்தாயி என்ற தவளையிடம் சொன்னது.

"அப்படியா சங்கதி!" என்றது சேத்தாயி. "நேத்து கோரைப் பக்கம் தண்ணி நடுங்குச்சுடி. முயல் நடந்தா அப்படி நடுங்காது. அதுவுமில்லாம, அங்க ஒரு கரிச்சான் குருவி, குரங்குத் தலைவன் தாட்டான் குரல்லயே கத்திப் பழகுது. எனக்கே சிரிப்பு வந்துச்சு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? வா, போய்ச் சொல்லுவோம்."

"போன வருஷம் நானும் சொல்லப் போனேன். மரம் ஏறத் தெரியுமான்னு கேட்டாங்க. விடுடி."

கூரி விடவில்லை. அன்று காவல்படைக்கு ஆள் எடுக்கும் நாள். உச்சிக் கிளை வரை ஏறி ஒரு இலையைக் கிள்ளி வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. அதனால் ஆண்டுதோறும் குரங்குகளே தேறின.

"நானும் சேர வந்திருக்கேன்!" என்றது கூரி.

மரமே சிரித்தது. படைத்தலைவன் தாட்டான் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஏ மூஞ்சூறு! ஏறுவியா, மாட்டியா?"

"மாட்டேன் தலைவரே. ஆனா பகையாளி வானத்திலிருந்தா குதிக்கப் போறான்? தரையில வரப்போறான். தரையில என்ன நடக்குதுன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்? கோரைக்குள்ள மூணு நாளா பூனை வாடை அடிக்குது!"

"உன் நாத்தத்தைத் தாண்டி உனக்கு வேற வாடை தெரியுதா?"

மறுபடியும் சிரிப்பு. கூரிக்குக் காது சிவந்தது. ஆனாலும் நகரவில்லை.

"சரி, நான் நாறுறவதான். சேத்தாயி தண்ணி நடுக்கத்தை வெச்சே யார் நடக்கிறாங்கன்னு சொல்லும். உங்க கண்ணு, என் மூக்கு, அது தோலு, மூணும் சேர்ந்தா எவன் தப்புவான்? ஒரு கரிச்சான் உங்க குரலைப் படிச்சிட்டிருக்கு தலைவரே. அந்தக் கடவுச்சொல்லையாவது மாத்துங்க!"

"என் குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை தலைமுறையா நாங்க காவல் காக்கிறோம்! ஒரு தரம் தப்பு நடந்திருக்கா? வாய் நீளுது உனக்கு. இனிமே இவளை ரெண்டு மடங்கு சோதிச்சு அனுப்புங்கடா!"

அடுத்த நாள் கூரி குட்டிகளை வெளியே கூட்டிப் போகவில்லை. கோரைப் பக்கமே கால் வைக்க வேண்டாம் என்று சொல்லி வளைக்குள் விட்டுவிட்டு, தான் மட்டும் இரை தேடப் போனது. உச்சி வெயிலில் வாயில் ஒரு மண்புழுவோடு திரும்பியது. மரத்தடியில் வரிசை நீளமாக இருந்தது. அதன் முறை வந்தபோது கருவாலன் என்ற காவல் குரங்கு நிதானமாக ஆரம்பித்தது.

"மூஞ்சி. வால். புழுவைக் கீழே வை. வாயைத் திற."

அப்போதுதான் காற்று கோரைப் பக்கமிருந்து திரும்பியது. கூரியின் மீசை விறைத்தது. பழைய வாடை அல்ல. இது உயிருள்ள வாடை. புல் அசைந்தது.

"யாரது?" என்று மேலிருந்து ஒரு குரங்கு கேட்டது.

"நம்மாளு!" என்றது தாட்டானின் குரல்.

"பூனை! பூனை!" என்று கூரி கத்தியது. "விடு என்னை! குட்டிங்க உள்ளே இருக்கு!"

கருவாலன் அதன் வாலை மிதித்துக்கொண்டது. "வரிசையில நில்லு! தலைவர் குரல் காதுல விழலையா? நம்மாளுதான்."

"உங்க தலைவர் இப்போ எங்கே?"

"மேலே தூங்குறார்."

"மேலே தூங்குறவர் கோரைக்குள்ள எப்படிப் பேசுறார்?"

கருவாலன் மேலே பார்த்தது. தாட்டான் கிளையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. கருவாலன் கோரையைப் பார்த்தது. தலையைச் சொறிந்தது. மறுபடியும் மேலே பார்த்தது.

அது யோசித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு காடை அலறியது.

கூரி வாலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வால் நுனியில் தோல் உரிந்தது. கரையெங்கும் இறகு பறந்தது. குரங்குகள் கொம்புகளை ஒடித்து வீசின. பூனை அவசரப்படவே இல்லை. வாய் நிறையக் கவ்விக்கொண்டு வந்த வழியே போனது. அது நடந்தபோது கோரையிலிருந்து பறந்த பூச்சிகளைக் கரிச்சான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. அதற்குப் பேசிய கூலி அதுதான்.

கூரியின் வளை வாசல் தோண்டப்பட்டிருந்தது. உள்ளே, ஒரு வேருக்குப் பின்னால், மூத்த குட்டி மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தது.

"வா" என்றது கூரி. குட்டி அம்மாவின் வாலடியைக் கவ்வியது. இரண்டடி நடந்தது. நின்றது. தன் வாலை யாரும் கவ்வவில்லையே என்று திரும்பிப் பார்த்தது. மறுபடியும் இரண்டடி. மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் தாட்டான் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டது. குரல் தழுதழுத்தது.

"நாங்க எல்லாரையும் மதிக்கிறோம். இனிமே கூரியும் காவல்படையில ஒரு ஆள்!"

குரங்குகள் கை தட்டின. முயல்கள் அழுதுகொண்டே பார்த்தன.

"சேத்தாயி?" என்று கூரி கேட்டது.

"ஒவ்வொருத்தரா சேர்ப்போம். அவசரப்படாதே. கூட்டம் நாளைக்குக் காலையில. வந்து உன் கருத்தைச் சொல்லு."

"எங்கே கூட்டம்?"

"இதென்ன கேள்வி? எப்பவும்போல உச்சிக் கிளையிலதான்!"

கூரி மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"இன்னொரு நல்ல சேதி!" என்றது தாட்டான். "கடவுச்சொல்லையும் மாத்தியாச்சு. இனிமே வெறும் 'நம்மாளு' செல்லாது. 'நம்மாளுதான்'னு அழுத்திச் சொல்லணும்!"

மறுபடியும் கைதட்டல் எழுந்தது. பக்கத்துக் கொம்பில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கரிச்சான் கோரைப் பக்கம் பறந்தது.

கூரி திரும்பி நடந்தது. வேலிக்கு வெளியே பூனை. வேலிக்கு உள்ளே இந்தக் காவல். போக வேறு இடமில்லை. வாலடியில் ஒரு குட்டியின் பல் மட்டும் அழுந்தியது. பின்னால் கோரைக்குள்ளிருந்து, மெல்ல, தப்பில்லாமல், தாட்டானின் குரல் கேட்டது.

"நம்மாளுதான்!"

தன்னைப் போன்றவர்களை மட்டுமே காவலுக்கு வைப்பதும், மாறுபட்டவர்களைப் பேருக்குச் சேர்த்துவிட்டு அவர்கள் ஏற முடியாத கிளையில் கூட்டம் போடுவதும், இரண்டுமே பகைக்குத் திறந்துவிட்ட வாசல்தான்.