மெர்லின் கேட்ட கைதட்டல்

பாப் பாடகி மெர்லின் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவள் மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் ஒரு சின்ன மானிட்டர் பெட்டியும் இருந்தன. ஸ்பீக்கர்கள் ஆளுயரத்துக்கு நின்று ஜனங்களைப் பார்த்து முழங்கும். மானிட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெர்லினின் காலடியில் கிடந்து, அவள் பாடுவதை அவளுக்கே திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை.

"ஊரே எங்களைப் பார்க்குது. நீ அந்தம்மாவோட செருப்பைப் பார்த்துக்கிட்டுக் கிட!" என்று ஸ்பீக்கர்கள் கேலி செய்யும்.

"பார்த்துட்டுப் போறேன். விலை கூடின செருப்புதான்," என்று மானிட்டர் சிரித்துக்கொள்ளும். அதற்கு மெர்லின் என்றால் உயிர். அவள் சர்ச் ஹாலில் பாடிய நாளிலிருந்து கூடவே இருக்கிறது.

உயிராக இருந்தால் போதுமா? வாயை அடக்கத் தெரிய வேண்டாமா? "சுருதி இறங்குது, மெர்லின்." "மூச்சு வாங்குது, மெர்லின்." பாட்டுக்குப் பாட்டு இதே நச்சரிப்பு.

ஆல்பத்துக்கு மேல் ஆல்பம் ஹிட்டான பிறகு மெர்லினுக்குப் பொறுக்கவில்லை. சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைக் கூப்பிட்டாள்.

"இனிமே மானிட்டர்ல என் குரலே வேண்டாம். ஜனங்களோட கைதட்டலை மட்டும் விடு."

"ஐயோ, நீங்க பாடுறது உங்களுக்கே கேட்காதேம்மா!"

"நான் பாடுறது எனக்குத் தெரியாதா?"

மிக்சர் என்ன செய்யும், பாவம்? சொன்னபடி செய்தது.

அடேயப்பா, என்ன சுகம்! சுருதி நழுவியது, அவள் பேருக்காகவே ஜனங்கள் தட்டினார்கள். தாளம் தப்பியது, அப்போதும் தட்டினார்கள். மானிட்டர் பாடுதான் திண்டாட்டமானது. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தும், வெளியே வந்ததெல்லாம் கைதட்டல்.

ஜனங்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு கச்சேரியில், பாட்டு நடுவிலேயே மானிட்டர் சுத்தமாக அடங்கிப்போனது.

மெர்லின் குனிந்து அதைத் தட்டினாள். "என்னாச்சு இதுக்கு? ரிப்பேரா?"

"அது நல்லாத்தான் இருக்கும்மா," என்றது மிக்சர். "நீங்க நிமிர்ந்து பாருங்க."

நிமிர்ந்தாள். எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

"இப்பவாவது உங்க குரலை விடட்டுமா?"

தலையை ஆட்டினாள். மெல்ல ஒரு வரி பாடினாள். மானிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வரியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அவளிடம் சொன்னது.

மெர்லின் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"யாரது, இவ்வளவு மோசமா பாடுறது?"