பாறைமுனைக் கிணற்றுத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், சீனத்துக் கப்பல்கள் வந்து நிற்கிற பவளத்துறைப் பட்டினத்தை வச்சிரமுடி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ராஜா தங்கமான மனுஷர். ஆனால் அவர் நாக்கு இருக்கிறதே, அது மட்டும் அவர் ஆட்சிக்குள் அடங்கவில்லை. வெயில் ஏறினால் அதிரசம், வெயில் இறங்கினால் தேங்காய்ப்பால் கொழுக்கட்டை. நடுவில் வேறு சாப்பாடு உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்!

அந்த ஊரில் ஒரு வழக்கம். மழைக்காலம் முடிந்து கடற்பூசை நாளில் ராஜாவே முதல் தோணியில் ஏறி, துடுப்புப் போட்டு, முகத்துவாரத்தில் மாலை விட்டு வரவேண்டும். அதற்கப்புறம்தான் வலைகாரர்கள் கடலில் இறங்குவார்கள். போன வருஷம் ராஜா ஏறினார். தோணி அப்படியே மணலில் உட்கார்ந்துகொண்டது. எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. கரையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

இந்த வருஷம் கப்பலில் லின் என்ற சீன வைத்தியர் வந்தபோது, மந்திரி சீராளர்தான் அவரை அழைத்துப்போய் ராஜாவிடம் விட்டார். லின் காய்ந்த இலை, வேர், ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த ஒரு மூட்டையை அவிழ்த்து வைத்தார்.

"தினம் இரண்டு வேளை காய்ச்சிக் குடிக்கணும் ராஜா. அறுபது நாளில் உடம்பு இளைக்கும்."

"அறுபதாம் நாள் கடற்பூசை. அன்றைக்குத் தோணி மிதந்தால் உமக்கு வெகுமதி. மிதக்காவிட்டால் உம் கப்பல் போகும், நீர் போகமாட்டீர். சிறையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு இருக்கலாம்" என்றார் ராஜா.

பாவம், லின்னுக்கு ஊரில் மகள் கல்யாணம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

கஷாயமா அது? குடித்த ராஜா கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் மடைப்பள்ளி அதிகாரி பூவராகர் நின்றிருந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் பத்து வருஷமாக அவருக்கு ஒரு கண்.

"மகாராஜா, கஷாயம் குடித்தால் வாய்க்கு ஒரு துண்டு வெல்லம் போடுவது நம்ம ஊர் வழக்கம். ராஜாவுக்கு வெல்லம் போட்டால் மரியாதையா? லட்டு கொண்டுவருகிறேன்!"

வேளைக்கு மூன்று லட்டு. லின் கையைக் கையை ஆட்டி, "இனிப்பு வேண்டாம்" என்றார். யார் காதில் விழுந்தது? முப்பதாம் நாள் பார்த்தால், இடுப்புக் கச்சை ஒரு சாண் பற்றவில்லை!

"சீனத்தானைக் கூட்டிவந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்" என்று பூவராகர் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

ராஜா கொதித்துப் போனார். "சீராளரே! உம்ம வைத்தியரோடு நீரும் சிறைக்குப் போகத் தயாரா?"

லட்டை நிறுத்துங்கள் என்று சொன்னால் ராஜா கேட்கவா போகிறார்? மந்திரி கைகட்டிச் சொன்னார்: "மருந்தில் குறையில்லை மகாராஜா. இந்தக் கசப்புக்கு லட்டு தோதில்லை. ஊருக்கு வெளியே கடலோரம் இருக்கிற பாறைமுனைக் கிணற்றுத் தண்ணீர்தான் தோது. அமிர்தமாக இனிக்கும். ஆனால் குடத்தில் கொண்டுவந்தால் இனிப்புப் போய்விடும். பல்லக்கில் போனாலும் தெரியாது. கசந்த வாயோடு நடந்துபோய் அங்கேயே குடிக்கணும்."

ராஜாவின் கோபம் சட்டென்று இறங்கியது. மந்திரியை ஒரு மாதிரி பார்த்தார். "பாறைமுனையா? சரி. நீரும் கூட வாரும்."

முதல் நாள் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தார் ராஜா. வாய்க் கசப்பு உட்காரவிடாமல் துரத்தியது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, கையில் ஏந்திக் குடித்து, "ஆகா, அமிர்தம்!" என்றார். திரும்பி வந்த களைப்பில் கஞ்சி குடித்தார், தூங்கிப்போனார். லட்டைக் கேட்கவே இல்லை.

நாளாக ஆக உட்காருகிற இடங்கள் குறைந்தன, பேச்சு கூடியது. "இந்தப் புன்னை மரத்தில்தானே உம்ம வேட்டி மாட்டிக் கிழிந்தது?" என்பார் ராஜா. "வாத்தியார் கண்ணில் படாமல் ஓடிவந்த அவசரம், மகாராஜா" என்பார் மந்திரி. இரண்டு பேரும் நின்று நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அரண்மனையில் எத்தனை வருஷமாயிற்று!

கடற்பூசை நாள் வந்தது. ஊரே கரையில் கூடியிருந்தது. ராஜா தோணிப் பக்கம் போகையில், பூவராகர் ஒரு செம்போடு குறுக்கே ஓடிவந்தார்.

"மகாராஜா, மோசம்! மந்திரி உங்களை ஏமாற்றிவிட்டார். நானே பல்லக்கில் போய் மொண்டு குடித்துப் பார்த்தேன். தண்ணீர் உப்புக் கரிக்கிறது! அதில் இனிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

கூட்டம் முண்டியடித்து முன்னால் வந்தது. மந்திரியின் முகம் வெளுத்தது. லின் தன் கப்பலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ராஜா செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ஆமாம், உப்புத்தான். எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியுமா?" என்று மந்திரியே கேட்டுவிட்டார்.

"பதினாறு வயசில் நீரும் நானும் ஓடிப்போய் இதைத்தானே குடித்தோம்? அன்றைக்கும் உப்புத்தான். அமிர்தம் என்று நீர் சொன்னீர், நானும் ஆமாம் என்றேன். முடி சூட்டினதிலிருந்து உம்மோடு நாலு அடி சேர்ந்து நடந்ததில்லை. ஏங்கிப் போயிருந்தேன் ஐயா. சாக்கு ஒன்று தானாக வந்தது, விடுவேனா?" ராஜா மந்திரியின் தோளில் கை போட்டார். பிறகு பூவராகர் பக்கம் திரும்பினார். "உமக்கு அது உப்பாகவே இருந்ததென்றால் கசப்பு போதவில்லை. மீதி மூட்டை உமக்குத்தான். இரண்டு வேளையும் குடித்துவிட்டு நடந்துபோம். பல்லக்கை நான் எடுத்துக்கொண்டேன்."

ஊர் சிரித்த சிரிப்பில் பூவராகர் செம்பை மறந்துவிட்டு ஓடினார்.

ராஜா தோணியில் ஏறினார். தோணி ஒரு குலுங்கு குலுங்கி மிதந்தது. பிள்ளைகள் கைகொட்டி ஆரவாரம் செய்தார்கள். ராஜா லின்னுக்கு மகள் கல்யாணத்துக்கென்று முத்துச்சரம் கொடுத்து, அவரைக் கப்பலேற்றச் சொன்னார். பிறகு கையை நீட்டி, "ஏறுடா சீராளா, இன்னொரு துடுப்பு சும்மா கிடக்கிறது" என்றார்.

நாற்பது வருஷம் கழித்துக் கேட்ட அந்த 'டா'வில் மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் துடுப்புப் போட்டு முகத்துவாரத்தில் மாலையை விட்டார்கள். பாறைமுனை தெரிந்ததும் ராஜா துடுப்பை நிறுத்தினார்.

"மீதி மருந்தைத்தான் பூவராகருக்குக் கொடுத்தாச்சே. நாளைக்கு எந்தக் கசப்புக்கு நடக்கிறது?"

"சும்மாவே நடப்போம் மகாராஜா" என்றார் மந்திரி.