கடலுக்கு அப்பால் ஒரு மாளிகை

எந்த நாடு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரொம்ப காலத்துக்கு முன்னால் அங்கே ஒரு ராஜா இருந்தார், அவ்வளவுதான். கடலுக்கு அப்பாலுள்ள தீவில் தமக்கொரு மாளிகை வேண்டும் என்று அவருக்குத் திடீர் ஆசை. இருக்கிற அரண்மனையிலேயே பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. யார் கேட்பது?

அமைச்சர் மருதப்பர் ஒரு தீவு வணிகனைக் கூட்டிவந்தார். அவன் மாளிகையின் படத்தைக் காட்டி, பதிலுக்கு ஆற்றோர வயல்கள் முழுவதும் வேண்டும் என்றான். அந்த வயல்களை நம்பி ஓர் ஊரே இருந்தது. மாளிகை யாருடையது என்று ஓர் ஆளை அனுப்பி விசாரிக்காமலே, தாரை வார்க்கக் கெண்டியை எடுத்துவிட்டார் ராஜா. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அரண்மனை விகடன் கோனேரிக்கும் எரிந்தது. "நிறுத்துங்கள், பிரபு! மாளிகை இவனுடையதுதானா?" என்று கத்தினான்.

"என் வாக்கிலேயே சந்தேகமா?" என்று சீறினார் மருதப்பர். "பிரபு, இவன் இங்கே நின்றபடியே அதைக் கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் தலையைக் கொடுக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

கோனேரி வணிகன் பக்கம் திரும்பினான். "ஐயா, உம்முடைய மாளிகை மதில் இடிந்து விழுந்து தீவு அரசரின் பட்டத்து யானை செத்துப்போயிற்று. மாளிகைக்காரன் தலையைக் கொண்டுபோக வீரர்கள் கப்பலில் வந்து இறங்கிவிட்டார்கள். இன்னும் தாரை வார்க்கவில்லை. ஆகையால் மாளிகைக்காரர் நீர்தானே?"

வணிகனுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, என்னுடையதில்லை! அது ஓர் அம்மாளுடையது. நான் குடியிருந்தவன். பாதி வயல் தமக்கென்று பேசி அமைச்சர்தான் என்னை அழைத்துவந்தார்!"

நழுவப் பார்த்த மருதப்பரையும் சேர்த்துக் காவலர் பிடித்துக்கொண்டார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "மதில் நிஜமாகவே விழுந்ததா, கோனேரி?"

"எனக்கென்ன தெரியும், பிரபு? நான் அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. தாங்களும்தான்."

"பலே! என்ன பரிசு வேண்டும்?"

கோனேரி சிரிக்கவில்லை. "தன்னுடையதல்லாத மாளிகையைக் கொடுக்க வந்தவனைப் பிடித்துக் கட்டிவிட்டீர்கள். தாங்கள் கொடுக்க இருந்த வயலைக் காடு வெட்டித் திருத்தியது யார், பிரபு?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. கடைசியில், ஆற்றோர வயல்கள் உழுகிறவர்களுக்கே சொந்தம் என்று தண்டோரா போடச் சொன்னார்.

"பரிசு கொடுத்தாயிற்று. திருப்திதானே?" என்றார்.

"அது அவர்களுடையது, பிரபு. எனக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லையே!"

ராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரியின் கழுத்தில் போட்டார்.