சடைச்சியம்மையார் படைத்த குப்பைக்கீரை

முள்ளிக்குறிச்சியில் களை பறித்துப் பிழைத்தவர் சடைச்சியம்மையார். பறித்த களையில் குப்பைக்கீரையை மட்டும் மடியில் கட்டி வந்து, உப்புப் போட்டு அவித்து, ஊர்க்கோடிச் சிவனுக்கு ஒரு கை படைத்த பிறகே உண்பார். அவர் சாதிக்குக் கோயிலுக்குள் இடமில்லை. வாசலுக்கு வெளியே பூவரச இலையில் வைப்பார்.

களைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பறித்தவர் முதலில் ஒரு வாய் தின்று, வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு இடுவார். இளம் ஊமத்தை கீரையோடு கீரையாக முளைத்துக் கிடக்கும். சாமிக்கு எச்சிலைப் படைப்பதா என்று கூசி, அம்மையார் அந்த வழக்கத்தை விட்டிருந்தார்.

மழை பொய்த்த ஆண்டில், பசி மயக்கத்தில் பறித்த கீரையில் ஊமத்தை கலந்துவிட்டது. ருசி பாராமல் படைத்தார். படைத்ததை எடுத்து மகள் பூவாயிக்கு ஊட்டினார். தமக்கு மிச்சமில்லை. பிள்ளை நா வறண்டு, இல்லாத எதையோ காற்றில் துழாவி, விடிவதற்குள் அடங்கிப்போனாள்.

உன் சாமி நல்லாத்தான் காப்பாற்றினார் என்றது ஊர். அம்மையார் சாமியைக் குறை சொல்லவில்லை. குழி மூடிய கையோடு கீரை பறிக்கப் போனார். அன்றுமுதல் தாம் ஒரு வாய் தின்று, வாசலில் வெகுநேரம் காத்திருந்து, அதன்பிறகே படைத்தார்.

பூசகருக்குப் பொறுக்கவில்லை.

"எச்சிப் பண்டத்தையா படைக்கிற? ஆலகாலத்தையே குடிச்சவருடி அவர். உன் கீரை அவரை என்ன செஞ்சிடும்?"

"அன்னிக்கு வாயில வச்சுப் பாத்துக் குடுக்க அவருக்குத் தாய் இல்ல சாமி. இருந்திருந்தா குடிக்க விட்டிருப்பாளா?"

பூசகர் இலையைக் காலால் தள்ளினார். 'எச்சிக்காரி' என்ற பெயர் ஊரில் நிலைத்தது. வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றது. வரப்போரக் கீரையே சோறாயிற்று. படையல் மட்டும் ஒருநாளும் தப்பவில்லை.

வயதேறிக் கண்ணில் புகை படர்ந்தது. ஒரு மாலை, தின்றுவிட்டுக் காத்திருந்தவருக்கு நா வறண்டது. கோயில் வாசல் இரண்டாகத் தெரிந்தது. என்னவென்று புரிந்துவிட்டது. தவழ்ந்துபோய்ச் சட்டியைக் கவிழ்த்து, யாரும் எடுத்துத் தின்னாதபடி கீரையை மண்ணோடு பிசைந்தார்.

"இன்னிக்கு ஒண்ணுமில்லப்பா. பட்டினியாக் கெடந்துக்க."

நடை சாத்த வந்த பூசகர் அப்படியே நின்றார். கருவறையில் ஆளில்லை. குரல் மட்டும் வந்தது.

"எனக்குப் பசிக்கலம்மா. நீ உள்ள வா."

பூசகர் ஒதுங்கி வழிவிட்டார். அம்மையார் உள்ளே போனதை அவர் கண்டார். திரும்பி வந்ததை எவரும் கண்டதில்லை. தாயில்லாதவனுக்குத் தாயாய் இருந்த களைக்காரியின் மண் படிந்த பாதங்களுக்கு நம் வணக்கம்.